தெரிந்தவர்களின் தேர்தல்: ஒரு வாக்குச்சாவடியை எப்படிப் படிப்பது?

(2026 ஜனவரியில் சென்னையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த கிளைக்கதைகள் சில நீக்கப்பட்டுள்ளன.)



உள்ளூர்த் தேர்தலைப் பற்றிப் பேச மேடை ஏறுகிறவர்கள் உத்திரமேரூரில் தொடங்கிக் குடவோலையைச் சுற்றிவிட்டு வருவதுதான் நம் வழக்கம். இன்று அந்தச் சுற்று வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். நான் பேசப்போவது நம் காலத்து வாக்குச்சாவடியைப் பற்றி. தேர்தல் அலுவலகத்தில் அதற்குப் 'பாகம்' என்று பெயர். தெருவில் எல்லோரும் 'பூத்' என்கிறோம். ஆயிரம் பேர், முன்பு கூடிப்போனால் 1,500 பேர். 2025-இல் தேர்தல் ஆணையம் அந்த உச்சவரம்பை 1,200 ஆகக் குறைத்தது. நான்கைந்து தெருக்கள், ஒரு பள்ளிக்கூட வகுப்பறை, ஒரு பட்டியல். அரசியல் அறிவியலில் நாங்கள் தொகுதியைப் படிக்கிறோம், மாநிலத்தைப் படிக்கிறோம். இந்த நான்கைந்து தெருக்களைக் கட்சிக்காரர்களிடம் விட்டுவிட்டோம்.

நான் சொல்லவந்தது ஒன்றே. ஒரு பகுதியில் பதிவாகும் வாக்குச் சதவீதத்தை அந்தப் பகுதி மக்களின் பொறுப்புணர்ச்சிக்கு மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்கிறோம். அது வேறொன்றை அளக்கிறது என்பது என் வாதம். ஒருவர் தன் தெருவில் எந்த அளவுக்குத் 'தெரிந்தவர்' என்பதை அளக்கிறது: பட்டியலுக்குத் தெரிந்தவரா, கட்சிக்காரருக்குத் தெரிந்தவரா, பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்தவரா என்று. ஐந்து கூறுகளாக இதைப் பார்ப்போம். ஐந்தாவது கூறு முதல் நான்கோடு கொஞ்சம் சண்டை போடும்.

1. வகுக்கும் எண்

2024 மக்களவைத் தேர்தலில் தர்மபுரியில் 81 சதவீதம் பதிவானது. தென் சென்னையில் 54, மத்திய சென்னையில் 54-க்கும் சற்றுக் குறைவு, வட சென்னையில் 60. மறுநாளே "படித்தவர்கள் ஓட்டுப் போடுவதில்லை" என்று தலையங்கங்கள் வந்தன. அதற்கு முந்தைய இரவு நடந்ததை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. வாக்குப்பதிவு முடிந்த மாலையில் தென் சென்னைக்குச் சொல்லப்பட்ட எண் 67 சதவீதத்துக்கு மேல். மாநில அளவில் 72 என்றார்கள். பின்னர் அது 69 ஆனது. ஒரே இரவில் சென்னைக்காரர்களின் பொறுப்புணர்ச்சி 13 புள்ளி சரிந்துவிட்டது என்று அதற்குப் பொருள் கொள்ள முடியாது. அவசரத்தில் தந்த எண் அது, அவ்வளவுதான். ஆனால் மறுநாள் வந்த சரியான எண்ணும் ஒரு வகுத்தலின் விடையே. மேலே இருப்பது வந்து போட்டவர்களின் எண்ணிக்கை, அது துல்லியமானது. கீழே இருப்பது பட்டியலில் உள்ளவர்களின் எண்ணிக்கை. அதில்தான் சிக்கல்.

வாக்காளர் பட்டியலின் ஒரு பக்கத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். வரிசைக்கு மூன்றாகப் பத்து வரிசை, முப்பது கட்டங்கள். பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம். சென்னையில் அந்த வீட்டு எண்ணே ஒரு தனிக் கதை. பழைய எண் 14, புதிய எண் 31 என்று ஒவ்வொரு வாசலுக்கும் இரண்டு இலக்கங்கள் உண்டு. தந்தை ஒன்றிலும் மகன் மற்றொன்றிலும் பதிவாகியிருப்பார்கள். அடுத்தடுத்த திருத்தங்களில் சேர்ந்தவர்கள் கடைசியில் துணைப்பட்டியலாக வருவார்கள். அதனால் ஒரே வீட்டில் மாமியார் நான்காம் பக்கத்தில் இருப்பார், மருமகள் முப்பதாம் பக்கத்தில் இருப்பார். நீக்கப்பட்ட பெயருக்கு முன்னால் ஓர் ஆங்கில எழுத்து நிற்கும்: இறந்தவருக்கு 'ஈ', இடம் மாறியவருக்கு 'எஸ்', இரட்டைப் பதிவுக்கு 'ஆர்'. தெரு வரிசைப்படி எழுதத் தொடங்கிய பட்டியல் பத்து ஆண்டில் தெருவின் வரிசையை இழந்துவிடுகிறது.

பட்டியலில் சேர ஆள் தானாக வருவார். பெயரை நீக்க யாரும் வருவதில்லை. அப்பா இறந்துவிட்டால் இறப்புச் சான்றிதழ் வாங்குவோம், வாரிசுச் சான்றிதழ் வாங்குவோம், வங்கிக் கணக்கை மாற்றுவோம். படிவம் 7 எழுதிக் கொடுத்து வாக்காளர் பட்டியலில் இருந்து அப்பாவை எடுப்பவர் எத்தனை பேர்? எடுத்தால் நமக்கு ஒரு பயனும் இல்லை, எடுக்காவிட்டால் நட்டமும் இல்லை. வீடு மாறியவர் புது இடத்தில் புதிதாகப் பதிவு செய்வார். பழைய இடத்தில் பெயர் கிடக்கும். தமிழகத்தில் வீடு வீடாகப் போய்ப் பட்டியலைப் புதிதாக எழுதிய தீவிரத் திருத்தம் 2025-க்கு முன் கடைசியாக நடந்தது 2002-லும் 2005-லும். இருபது ஆண்டுப் படிவு சேர்ந்துவிட்டது.

2025-இல் மறுபடியும் தீவிரத் திருத்தம் தொடங்கி அந்தப் படிவைக் கிளறினார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் 6.41 கோடி பேர் 5.43 கோடி ஆனார்கள். நீங்கிய 97 லட்சத்தில் இறந்தவர்கள் ஏறக்குறைய 27 லட்சம். இடம் மாறியவர்கள், முகவரியில் இல்லாதவர்கள் 66 லட்சம். சென்னை மாவட்டத்தில் மட்டும் 40 லட்சத்தில் 14 லட்சம் பெயர்கள் போய்விட்டன. இந்த விகிதத்தை அப்படியே 2024-இன் வகுக்கும் எண்ணில் கழித்தால் 54 சதவீதம் 84 ஆகிறது. சென்னை தர்மபுரியை முந்திவிடும். அப்படி யாரும் சொல்ல வேண்டாம். தொகுதி எல்லையும் மாவட்ட எல்லையும் ஒன்றல்ல என்பது சிறிய காரணம். நீக்கப்பட்டவர்கள் அனைவரும் ஆவிகள் அல்லர் என்பது பெரிய காரணம். இரண்டு தெரு தள்ளிக் குடிபோனவர், அலுவலர் வந்தபோது வேலைக்குப் போயிருந்தவர், படிவம் புரியாமல் திருப்பித் தராதவர் எல்லாம் அந்த 14 லட்சத்தில் உண்டு. ஆனால் சென்னையின் 'அக்கறையின்மை'யில் கணிசமான பங்கு பட்டியலுடையது. அதை மனிதர்கள் மேல் ஏற்றிப் பேசிவந்தோம்.

2. குடியிருப்பவரும் வீட்டுக்காரரும்

1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 'வழக்கமாக வசிக்கும்' இடத்தில் ஒருவரைப் பதிவு செய்யச் சொல்கிறது. ஓர் ஊரில் வீடு சொந்தமாக இருக்கிறது என்பதாலேயே ஒருவர் அங்கே வசிப்பவர் ஆகிவிட மாட்டார் என்றும் அதே சட்டம் தெளிவாகச் சொல்கிறது. நடைமுறையில் வாக்காளர் பட்டியல் சொந்த வீட்டுக்காரரின் பக்கமே சாய்கிறது. வாடகைக்கு இருப்பவர் பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருக்கிறார். சில இடங்களில் அதுவும் வாய்வார்த்தைதான். முகவரிச் சான்று கேட்டால் "ரேஷன் கார்டெல்லாம் நம்ம வீட்டு அட்ரஸ்ல வேணாம்மா" என்று சொல்லும் வீட்டுக்காரர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. அந்தக் குடும்பத்தின் ஓட்டு திருவண்ணாமலைப் பக்கத்திலோ விழுப்புரம் பக்கத்திலோ சொந்த ஊரில் கிடக்கிறது. தேர்தல் வெள்ளிக்கிழமை வந்தால் கிளாம்பாக்கத்தில் பேருந்துக்கு நிற்பவர்கள் அவர்கள்தான். சென்னையில் ஓட்டுப் போடாதவர் என்று நாம் எண்ணும் ஆள், ஊரில் வரிசையில் நிற்கிறார்.

இதைவிடக் கடுமையான வகை ஒன்று. கூவம் கரையில் இருந்தும் கால்வாய் ஓரங்களில் இருந்தும் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்டவர்கள். வீட்டை ஒரே நாளில் லாரியில் ஏற்றிவிட்டார்கள். பட்டியலில் பெயரை ஏற்ற அதுபோல் லாரி வராது. பழைய இடத்துக் கவுன்சிலருக்கும் வட்டச் செயலாளருக்கும் இவர்களைத் தெரியும், ஆனால் இவர்கள் அங்கே இல்லை. புதிய இடத்தில் இருக்கிறார்கள், ஆனால் அங்கே யாருக்கும் தெரியாது. அவர்கள் போய்ச் சேர்ந்த சோழிங்கநல்லூர்த் தொகுதி 2021-லேயே ஏறக்குறைய 7 லட்சம் வாக்காளர்களோடு மாநிலத்தின் மிகப் பெரிய தொகுதியாக இருந்தது. அங்கே வாக்குப்பதிவு குறைவு என்பதில் வியப்பு என்ன இருக்கிறது?

ஒரு பூத்தை நெருங்கிப் பார்க்க அரிய வாய்ப்பு ஒன்று 2021-இல் கிடைத்தது. வேளச்சேரித் தொகுதியின் 92-ஆம் எண் வாக்குச்சாவடி. ஏப்ரல் 6 மாலையில் மின்னணு இயந்திரங்களை இருசக்கர வாகனத்தில் வைத்து எடுத்துப்போன மாநகராட்சி ஊழியர்களைப் பொதுமக்கள் மடக்கினார்கள். அவற்றில் இருந்த ஒப்புகைச் சீட்டு இயந்திரம் அன்று சிறிது நேரம் அந்தச் சாவடியில் பயன்பட்டது என்று தெரியவந்தது. ஏப்ரல் 17 அன்று மறுவாக்குப்பதிவு. ஆண்களுக்கு மட்டுமான சாவடி. பட்டியலில் 548 பேர். முதல் முறை 220 பேர் போட்டிருந்தார்கள், மறுமுறை 186 பேர். கொரோனா இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்த நாட்கள். ஊர் முழுவதும் தேர்தல் முடிந்து, கொடியும் ஒலிபெருக்கியும் அடங்கிய பின்பும், முதல் முறை வந்தவர்களின் எண்ணிக்கையில் ஏறக்குறைய 85 சதவீதம் பேர் வந்திருக்கிறார்கள். செய்தித்தாள் இதை '34 சதவீதமே' என்று படித்தது. எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. அந்தத் தெருக்களில் ஓட்டுப் போடுகிறவர்கள் ஒரு நிலையான கூட்டம். எப்போது அழைத்தாலும் அவர்கள் வருவார்கள். முதல் முறையே ஏறக்குறைய 330 பேர் வரவில்லை. அவர்களில் எத்தனை பேர் வர மனமில்லாதவர்கள், எத்தனை பேர் அங்கே வசிக்கவே இல்லாதவர்கள் என்று பிரித்துச் சொல்லாத வரை அந்த 34 ஒன்றையும் சொல்லாது.

3. கூப்பிடுகிறவர்

வாக்குச்சாவடிக்குள் நடப்பதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். முதல் அலுவலர் நம் பெயரையும் வரிசை எண்ணையும் உரக்கப் படிக்கிறார். பூத் ஏஜென்ட்கள் தங்கள் பட்டியலில் கோடு போடுகிறார்கள். ஆள்மாறாட்டத்தைத் தடுக்க வந்த ஏற்பாடு அது. யார் வந்தார், யார் வரவில்லை என்ற கணக்கும் அதிலேயே சேர்ந்துவிடுகிறது. எல்லைக்கு வெளியே மேசை போட்டு பூத் சிலிப் எழுதுகிற தம்பிகளிடமும் ஒரு கணக்கு ஓடும். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் ஒருவர் சந்துக்குள் நடக்கத் தொடங்குவார்.

"அக்கா, உங்க வீட்ல மூணு ஓட்டு. ஒண்ணுதான் விழுந்திருக்கு. அண்ணன் எங்க?"

"இப்பதான் நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து படுத்திருக்காரு."

"எழுப்பி விடுங்க, ஆட்டோ சொல்றேன். பெரியம்மாவையும் கூட்டிட்டு வாங்க."

ஜனநாயகத்தைப் பற்றி நான் படித்த பல நூல்களில் இந்த உரையாடலுக்கு இடம் இல்லை. யார் போட்டார், யார் போடவில்லை என்பது அண்டை வீட்டாருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று அமெரிக்க அறிஞர்கள் சோதனையாகவே செய்து பார்த்தார்கள். 2006 ஆகஸ்டில் மிச்சிகன் மாநிலத்தில் ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன், கிறிஸ்டோபர் லாரிமர் மூவரும் வீடுகளுக்குக் கடிதம் அனுப்பினார்கள். கடந்த தேர்தல்களில் நீங்களும் உங்கள் அண்டை வீட்டாரும் வாக்களித்தீர்களா இல்லையா என்ற பட்டியல் அதில் இருந்தது. இந்தத் தேர்தலுக்குப் பிறகு புதிய பட்டியல் வரும் என்ற எச்சரிக்கையும் இருந்தது. கடிதம் வராதவர்களிடையே 29.7 சதவீத வாக்குப்பதிவு. இந்தக் கடிதம் போனவர்களிடையே 37.8. குடிமைக் கடமையை மட்டும் நினைவூட்டிய கடிதத்தால் கிடைத்த பலன் அதில் கால் பங்குகூட இல்லை. நம் ஊரில் இப்படிக் கடிதம் போட்டால் தெருச்சண்டை வரும். நமக்குக் கடிதம் தேவையும் இல்லை. மூன்று மணிக்கு அந்தத் தம்பி வருகிறார்.

அவர் எங்கே வருகிறார், எங்கே வருவதில்லை என்று பாருங்கள். குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் படியேறி நான்காம் மாடி வரை போகிறார். வாசலில் காவலாளி நிற்கும் அடுக்ககத்தில் அவரை உள்ளே விடுவதில்லை. குடியிருப்போர் சங்கம் வாட்ஸாப்பில் ஒரு விழிப்புணர்வுப் படத்தை அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடுகிறது. வட சென்னைக்கும் தென் சென்னைக்கும் உள்ள ஆறு புள்ளி வேறுபாட்டில் இதற்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

இப்படிக் கூப்பிடுவதற்கு இருண்ட பக்கம் உண்டு, உங்களுக்கே தெரியும். 2009 ஜனவரி திருமங்கலம் இடைத்தேர்தலில் வாக்குப்பதிவு 88 சதவீதத்தைத் தாண்டியது. ஓட்டுக்குப் பணம் தருவதைக் குறிக்கும் 'திருமங்கலம் ஃபார்முலா' என்ற சொல்லும் அங்கிருந்தே வந்தது. ஆர்.கே. நகரில் 2017 ஏப்ரலில் நடக்க இருந்த இடைத்தேர்தல் பணப் பட்டுவாடாவால் ரத்தானது. அதே ஆண்டு டிசம்பரில் நடந்தபோது 77 சதவீதம். சென்னைக்குள்தான், அதே வாக்குச்சாவடிகள். உறை கொடுக்க வேண்டுமானால் யார் எந்த வீட்டில், எத்தனை ஓட்டு, யார் செத்தார், யார் துபாயில் இருக்கிறார் என்று தெரிய வேண்டும். உயிருள்ள வாக்காளர் பட்டியல் ஒன்று எப்போதும் இருந்தது. அது தாலுகா அலுவலகத்தில் இல்லை, பூத் கமிட்டியின் நோட்டில் இருந்தது. கசப்பான செய்திதான். 77 சதவீதத்தைக் கண்டு கைதட்டுகிறவர்களும் 54-ஐக் கண்டு தலையில் அடித்துக்கொள்கிறவர்களும் ஒரே தவறைச் செய்கிறார்கள்.

4. அருகில் உள்ள தேர்தல்

தெரிந்தவர் என்பது இருபக்கமும் வேண்டும். வேட்பாளரும் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. முதல் கட்டத்தில் 76 சதவீதம், இரண்டாம் கட்டத்தில் 77. அதே ஆண்டு மக்களவைத் தேர்தலில் மாநிலம் பெற்றதைவிட அதிகம். 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது மாநிலம் முழுவதும் 60 சதவீதம். சென்னை மாநகராட்சியில் 43.6. சட்டமன்றத்துக்கு 59 சதவீதம் போட்ட நகரம், தன் தெருவிளக்குக்கும் குப்பைக்கும் பொறுப்பான ஆளைத் தேர்ந்தெடுக்கப் பாதிப்பேர்கூட வரவில்லை.

கிராமத்தில் தேர்தல் நெருங்க நெருங்கச் சூடேறுகிறது, நகரத்தில் ஆறுகிறது. ஊராட்சி வார்டில் சில நூறு ஓட்டுகள். வேட்பாளர் சித்தப்பா மகனாக இருப்பார், அல்லது சித்தப்பா மகனுக்கு எதிரியாக இருப்பார். சென்னை வார்டில் சராசரி 30 ஆயிரம் வாக்காளர்கள். பெயரளவில் 'உள்ளாட்சி', அளவில் ஒரு சிறு நகரம். அதோடு 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து ஐந்தாண்டுக்கு மேல் கவுன்சிலரே இல்லாமல் நகரம் நடந்தது. அந்த ஐந்தாண்டில் பதினெட்டு வயதான பிள்ளைகள் வாக்காளர் ஆன பிறகு கவுன்சிலர் என்று ஒருவரைக் கண்டதில்லை. வார்டுகளைப் பகுதிகளாகப் பிரித்துக் கூட்டும் பகுதி சபை 2022-இல் வந்தது. கிராம சபைக்கு ஆண்டுக்கு ஆறு நாட்கள் குறித்திருப்பதைப்போல இதற்கும் ஒரு பழக்கம் உருவாக வேண்டும். இப்போதைக்கு அதற்கு வருகிறவர்கள் எல்லாக் கூட்டத்துக்கும் வருகிற அதே பெரியவர்கள்.

5. தெரிந்துவிட்டால்

இதுவரை தெரிந்தவராக இருப்பது நல்லது என்ற தொனியில் பேசிவந்தேன். அது எல்லாத் தெருவுக்கும் பொருந்தாது.

மதுரை மாவட்டத்தில் பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல். 1996-இல் ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. பத்து ஆண்டுகள் அங்கே தேர்தல் நடக்கவில்லை, அல்லது நடந்த கையோடு வென்றவர் விலகினார். மனு தாக்கல் செய்ய ஆள் இல்லை என்று கோப்பில் எழுதினார்கள். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊர்கள் அவை. யார் மனு போட்டால் யாருக்கு வேலை போகும், யாருக்குத் தண்ணீர் நிற்கும் என்பதும் தெரியும். 2006 அக்டோபரில் மாவட்ட நிர்வாகம் ஊரோடு உட்கார்ந்து பேசிய பிறகே தேர்தல் முறையாக நடந்து தலைவர்கள் பதவியில் தங்கினார்கள். அதற்கு ஒன்பது ஆண்டு முன்பு, 1997-இல், இதே மதுரை மாவட்டத்தில் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். முருகேசன் செய்த குற்றம் அதேபோல் ஒதுக்கப்பட்ட பதவிக்கு நின்று வென்றது.

வாக்கு இரகசியம் என்கிறோம். தனி ஆளின் வாக்கு இரகசியம்தான். தெருவின் வாக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் படிவம் 20 வெளியாகிறது. அதில் சாவடி வாரியாக யாருக்கு எத்தனை என்று இருக்கும். பல கிராமங்களில் ஊருக்கு ஒரு பூத், பட்டியல் சாதியினர் வாழும் காலனிக்கு ஒரு பூத். முடிவு வந்த மாலையே காலனி யாருக்குப் போட்டது என்று ஊருக்குத் தெரிந்துவிடும். 2019-இல் அப்போதைய மத்திய அமைச்சர் மேனகா காந்தி, தங்களுக்கு ஓட்டுப் போட்ட விகிதப்படி ஊர்களை ஏ, பி, சி, டி என்று பிரித்து அந்த வரிசையில் பணிகள் நடக்கும் என்று மேடையிலேயே சொன்னார். சொல்லாமல் செய்கிறவர்கள் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள்.

வாக்குச்சீட்டுக் காலத்தில் இதைத் தடுக்க வழி இருந்தது. 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தும் விதிகளில் 59ஏ, பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண இடம் தந்தது. இயந்திரம் வந்ததும் கலப்பது நின்றது. பல இயந்திரங்களை இணைத்துக் கூட்டு முடிவை மட்டும் காட்டும் 'டோட்டலைசர்' கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-இல் முன்மொழிந்தது. சட்ட ஆணையம் 2015-இல் தன் 255-ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. பெரிய கட்சிகள் எதுவும் அதற்காகத் தெருவில் இறங்கவும் இல்லை. பூத் வாரிக் கணக்கு அவர்களுக்கும் தேவைப்படுகிறது.

எனக்கும் தேவைப்படுகிறது. படிவம் 20 இல்லையென்றால் என்னைப் போன்றவர்கள் செய்யும் ஆய்வில் பாதி இல்லை. டோட்டலைசர் வந்தாலும் ஒரு சாவடிக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பது படிவம் 17சி-யில் இருக்கும். யாருக்குப் போட்டார்கள் என்பது தொகுப்பில் கரைந்துவிடும், பதினான்கு சாவடிகளுக்குள் எந்தத் தெரு எது என்று பிரிக்க முடியாது. என் மாணவர்கள் சிலர் இதைக் கேட்டு முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. ஆய்வேட்டுக்கு வேறு தலைப்புப் பார்த்துக்கொள்ளலாம், அந்தக் கருவி வரட்டும்.